கல்லுப்பு ஒத்தடமும் ஒரு கடைவாய்ப் பல்லும்

என் தாடைக்குக் கீழே, கழுத்தை ஒட்டி, ஒரு தழும்பு இருக்கிறது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் பெண்கள் முதலில் அதைப் பார்ப்பார்கள். கொஞ்ச தூரம் போனதும் பொறுக்க மாட்டாமல் கேட்டுவிடுவார்கள்: "தைராய்டு ஆப்பரேசனாக்கா?" இல்லை, பல் என்று சொன்னால் ஒருத்தியும் நம்புவதில்லை. வாயில் இருக்கிற பல்லுக்குக் கழுத்தில் எதற்குக் கத்தி வைத்தார்கள் என்று என்னைக் குறுக்கு விசாரணை செய்வார்கள். அந்தக் கேள்வி எனக்கும் இருந்தது. பதில் தெரிந்துகொள்வதற்குள் மூச்சே நின்றுபோகப் பார்த்தது. கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் தூத்துக்குடியில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தியாவது இதைப் படித்துவிட்டு அரை நாள் லீவு போட்டாள் என்றால் நான் எழுதியதற்குப் பலன் கிடைத்த மாதிரி.

என் பெயர் சண்முகக்கனி. துறைமுக ரோட்டுப் பக்கம் ஒரு உப்புக் கம்பெனியில் பாக்கெட் போடும் பிரிவில் வேலை. உப்பளத்திலிருந்து லாரியில் வரும் உப்பைக் கழுவி, உலர்த்தி, அரைத்து, அயோடின் சேர்த்து எங்கள் மிஷினுக்கு அனுப்புவார்கள். மிஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி எனக்குக் குரல் பெரிதாகிவிட்டது. வீட்டில் உப்பு எங்கே என்று நான் கேட்டால்கூடச் சண்டைக்கு வருகிற மாதிரி இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவர் துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிறார். ஒரே மகள் மதி, காலேஜில் படிக்கிறாள்.

எனக்குப் பக்கத்து மிஷினில் ஜெசிந்தாக்கா. மணப்பாட்டுக்காரி, தூத்துக்குடியில் வாழ்க்கைப்பட்டவள். அவள் வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். நான் பேசுகிற அளவுக்கு அவள் பேச மாட்டாள். ஆனால் ஷெட்டில் யாருக்காவது ஒன்று என்றால் முதலில் எழுந்து வருகிறவள் அவள்தான். அதற்கு அவளிடம் ஒரே மருந்து உண்டு. டீ போடும் அடுப்பில் இரும்புச் சட்டியை வைத்து, அரைக்காத கல்லுப்பை அள்ளிப்போட்டு, படபடவென்று வெடிக்கிறவரை வறுத்து, பழைய வேட்டித் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பாள். நின்றுகொண்டே வேலை பார்த்து வீங்கின காலுக்கு, மூட்டை தூக்கிப் பிடித்த இடுப்புக்கு, கழுத்துச் சுளுக்குக்கு, எல்லாவற்றுக்கும் அதுதான். உப்புக்குள்ளேயே கிடக்கிற எங்களுக்கு உப்புக்கு மேல் ஒரு வைத்தியம் தோன்றாது. கால்வலி அதில் கேட்கவும் செய்யும்.

இ.எஸ்.ஐ. பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் சம்பளச் சீட்டில் மாதாமாதம் அதற்கென்று ஒரு பிடித்தம் இருக்கும். கம்பெனியும் தன் பங்குக்குக் கட்டும். பிரசவத்துக்கு உண்டு, மிஷினில் விரல் போனால் உண்டு, காய்ச்சலுக்கு மாத்திரை உண்டு என்பது எல்லாருக்கும் தெரியும். பல் என்பது மட்டும் எங்கள் ஷெட்டில் உடம்பில் சேர்த்தி இல்லை. "பல்லுக்கெல்லாம் இ.எஸ்.ஐ. கெடையாதுளா, அது துட்டு குடுத்துத்தான் புடுங்கணும்" என்று யாரோ எப்போதோ சொன்னது அப்படியே நின்றுவிட்டது. ஒருத்தியும் போய்க் கேட்டதில்லை. கேட்கப் போனால் அரை நாள் சம்பளம் போகும், முழு வருகைக்குத் தருகிற தொகையும் சேர்ந்து போகும். பல்வலிக்கு அவ்வளவு மரியாதை யார் தருவார்கள்?

என் வலது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஒரு பொத்தல் இருந்தது. முதலில் முறுக்குத் துண்டு மாட்டும், குச்சியால் எடுத்து எறிவேன். பிறகு சூடாகக் குடித்தால் சுள்ளென்றது. பிறகு எதுவும் குடிக்காமலே வலித்தது. மெடிக்கல் கடை அண்ணாச்சியிடம் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டினேன். கிராம்பை வைத்துக் கடித்தேன். ஒரு நாள் தானாகவே வலி போய்விட்டது. பல்லுக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது என்று நினைத்தேன். உள்ளே நரம்பு செத்துப்போனாலும் வலி அப்படித்தான் நின்றுபோகுமாம். அதற்குப் பிறகு சீழ் சத்தமில்லாமல் வேருக்கு அடியில் சேர்ந்துகொண்டிருக்கும் என்பது ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது.

வலி திரும்பி வந்தபோது ஆர்டர் நிறைய இருந்த வாரம். லீவு கேட்டால் சூப்பர்வைசர் முகத்தைப் பார்க்க முடியாது. டீ நேரத்தில் நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை ஜெசிந்தாக்கா பார்த்துவிட்டாள்.

"ஏளா கனி, இங்கன வா. இப்படி நோவ வச்சிக்கிட்டு ஏன் சொல்லாம இருக்க?"

சட்டியை வைத்தாள். துணி முடிப்பை முதலில் தன் மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்தாள், அப்புறம்தான் என் கன்னத்தில் வைத்தாள். எத்தனை சுகமாக இருந்தது தெரியுமா? வலி உருகி வழிகிற மாதிரி இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அவள் மடியில் சாய்ந்துவிட்டேன். அன்று இரண்டு வேளையும் கொடுத்தாள், மறுநாளும் கொடுத்தாள். அவள் கை ஓய்ந்தபோது மற்ற பெண்கள் முறை வைத்துக் கொடுத்தார்கள். அதற்கும் மறுநாள் கன்னத்து வீக்கம் தாடைக்குக் கீழே இறங்கியிருந்தது. ஜெசிந்தாக்கா தடவிப் பார்த்துவிட்டுச் சந்தோசப்பட்டாள்.

"வெளிய எறங்கிருச்சி பாரு. இனி உள்ள நோவு இருக்காது. ரெண்டு நாள்ல வத்திரும்."

எங்கள் ஷெட்டில் அதை மறுத்துப் பேச ஆளில்லை. வீக்கம் வெளியே வந்தால் நோய் வெளியே போகிறது என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம். நானும் நன்றியோடு தலையாட்டினேன்.

மறுநாள் காலையில் எழுந்தபோது எச்சிலை விழுங்க முடியவில்லை. தலையணை நனைந்திருந்தது. நாக்கு என் நாக்கு மாதிரி இல்லை, யாரோ அடியிலிருந்து முட்டுக்கொடுத்துத் தூக்கி வைத்த மாதிரி அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. வாய் ஒரு விரல் நுழைகிற அளவுக்குக்கூடத் திறக்கவில்லை. மதியைக் கூப்பிட்டேன். சுடச்சுடக் கிழங்கை வாயில் போட்டுக்கொண்டு பேசுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. படுத்தால் மூச்சு முட்டியது, உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. என் வீட்டுக்காரர் லைட்டைப் போட்டு என்னைப் பார்த்தார். பைக் சாவியை எடுத்தார்.

"எங்கப்பா போறீங்க? அம்மாவுக்கு இ.எஸ்.ஐ. இருக்குல்ல? டிஸ்பென்சரிக்குப் போங்க, அதுதான் பக்கம்" என்றாள் மதி. கார்டைத் தேடி எடுத்துக்கொண்டு அவளும் பின்னால் ஏறினாள். நடுவில் நான்.

டிஸ்பென்சரி டாக்டர் வயதானவர். வரிசையில் இருந்தவர்களைத் தாண்டி எங்களை உள்ளே விடச் சொன்னார். என் தாடைக்கு அடியில் விரலால் அழுத்தினார். பலகையை அழுத்துகிற மாதிரி இருந்தது, குழியவே இல்லை. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். அந்த நிமிசத்தில்தான் எனக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது.

"பல்லு எவ்வளவு நாளா வலிச்சுது?"

"மாசக்கணக்குல சார்" என்றார் என் வீட்டுக்காரர்.

"அப்பவே ஏன் வரல?"

"பல்லுக்கு இ.எஸ்.ஐ. கெடையாதுன்னு சொன்னாவ சார்."

"யாரு சொன்னா?"

என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பேச முடிந்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. டாக்டர் அதற்குமேல் கேட்கவில்லை. திருநெல்வேலியில் இ.எஸ்.ஐ.யோடு ஒப்பந்தம் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக்கொண்டே இன்னொரு கையால் போனை எடுத்து ஆம்புலன்சுக்குச் சொன்னார். "படுக்க வைக்காதீங்க, உட்கார வச்சே கூட்டிட்டுப் போங்க" என்று மட்டும் என் வீட்டுக்காரர், மதி, ஆம்புலன்ஸ் டிரைவர் மூன்று பேரிடமும் தனித்தனியாகச் சொன்னார்.

திருநெல்வேலிக்குப் போகிற வழியெல்லாம் மூக்கில் ஆக்ஸிஜன். எச்சிலைத் துணியில் ஒற்றி எடுத்துக்கொண்டே மதி வந்தாள். வெளியே பார்க்கப் பிடிக்காமல் அவள் காதுக் கம்மலையே பார்த்துக்கொண்டு வந்தேன். இவளுக்கு இன்னும் எவ்வளவோ சொல்ல வேண்டியிருக்கிறதே, ஒரு வார்த்தைகூட வரவில்லையே என்று இருந்தது. வாழ்நாளெல்லாம் ஒன்றுமில்லாததற்கெல்லாம் கத்திவிட்டு, சொல்ல வேண்டிய நேரத்தில் வாய் பூட்டிக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் முதலில் ரத்தம் எடுத்தார்கள். எனக்குச் சர்க்கரை இருந்தது, அதுவும் ஏறிக் கிடந்தது. அதுவரை எனக்கே தெரியாது. சர்க்கரை இருந்தால் கிருமிக்குக் கொண்டாட்டமாம், ஊர் மேய்ந்துவிடுமாம். பிறகு கழுத்தை ஸ்கேன் எடுத்தார்கள். நரம்பில் ஒரு மருந்து ஏற்றினார்கள், உடம்பெல்லாம் வெந்நீர் பாய்ந்த மாதிரி இருந்தது. அதற்கு மல்லாக்கப் படுக்க வேண்டியிருந்தது. அந்தக் கொஞ்ச நேரம் தண்ணீருக்குள் பிடித்து அமுக்கினது போல இருந்ததை இப்போது நினைத்தாலும் எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன்.

பல் மற்றும் தாடை அறுவை பார்க்கிற டாக்டரம்மா வந்தார். வேகமாகப் பேசுகிறவர். லுட்விக் ஆஞ்சைனா என்று ஒரு பெயர் சொன்னார். ஆஞ்சைனா என்றதும் என் வீட்டுக்காரர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "ஹார்ட் இல்லைங்க" என்று ஒரு தாளில் தாடையை வரைந்து காட்டினார். பல்லின் வேருக்கு அடியில் சீழ் கட்டினால் அது வெளியேற வழி தேடும். ஈறுப் பக்கம் உடைந்தால் வாயோடு போகும். கீழ்த் தாடையின் கடைசிப் பற்களுக்கு வேர் ஆழம். அங்கே எலும்பைத் துளைத்து உள்பக்கம் உடைந்தால் நாக்குக்கு அடியிலும் தாடைக்கு அடியிலும் உள்ள இளக்கமான சதைக்குள் இறங்கிப் பரவும். நாக்கை மேலே தள்ளும். பின்னால் இருக்கிற மூச்சு வழியை அடைக்கும்.

"இப்ப பல்லு பிரச்சினை இல்ல, மூச்சுதான் பிரச்சினை. கழுத்துல திறந்து சீழ வெளிய விடணும். அதுக்கு மயக்கம் குடுக்கணும், மயக்கம் குடுக்க டியூப் போடணும். வாய் திறக்கல. மூக்கு வழியா, முழிச்சிருக்கும்போதே, கேமரா வச்சு போடப் பார்ப்போம். முடியலன்னா தொண்டையில ஓட்டை போட்டு அது வழியா மூச்சு விட வைப்போம். ரெண்டுக்கும் கையெழுத்து வேணும்."

என் வீட்டுக்காரர் முதல் கையெழுத்தையே தப்பான கோட்டில் போட்டார். நாற்பதடிக் கண்டெய்னரை ரிவர்ஸில் எடுக்கிற கை அது. மதி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து ஜெசிந்தாக்கா வந்தாள். விசயம் கேள்விப்பட்டு ஷிப்டை விட்டு அப்படியே பஸ் ஏறியிருக்கிறாள். கம்பெனிச் சட்டை, தலையில் கட்டிய துணி, கைமுட்டியில் உப்புத் தூள். தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகிற வண்டியில் நான் உட்கார்ந்திருந்தேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேரே டாக்டரம்மாவிடம் போனாள்.

"நாந்தான் டாக்டரம்மா ஒத்தடம் குடுத்தேன். கல்லுப்பு வறுத்து வச்சேன். அதனாலயா இப்படி ஆயிருச்சி?"

யாரும் கேட்காமல் அவளாகவே சொன்னாள். மறைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

டாக்டரம்மா அவசரத்தில் இருந்தார். "சீழ் வச்ச பல்லுக்கு வெளியில சூடு வைக்கலாமா? ரத்தத்த இழுத்து விட்டு, சீழ கழுத்துக்கு எறக்கி விட்டிருக்கீங்க. உங்க ஒத்தடம்தான் இவங்கள இங்க கொண்டு வந்து உட்கார வச்சிருக்கு. எதுக்கு இந்த வேண்டாத வேலையெல்லாம்?"

ஜெசிந்தாக்கா "மாதாவே" என்றாள். வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நகர்ந்தாள். அக்கா, இங்கே வா என்று சொல்ல நினைத்தேன். கிழங்குச் சத்தம்தான் வந்தது. கையை ஆட்டினேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி உள்ளே போய்விட்டது.

தியேட்டரில் மூக்கிலும் தொண்டையிலும் மரத்துப்போக மருந்து அடித்தார்கள். கழுத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்தார்கள். டியூப் போகாவிட்டால் வெட்டுவதற்கு அந்த இடம் என்று எனக்கு விளங்கிவிட்டது. மயக்க டாக்டர் என் காதருகில் வந்து, "நான் சொல்லும்போது நல்லா மூச்சு இழுங்கம்மா, பயப்படாதீங்க, கூடவே இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். குழாய் மூக்கின் பின்னால் வளைந்து இறங்குவது தெரிந்தது. கண்ணீர் தானாக ஓடியது. ஒரு இடத்தில் மூச்சு முழுசாக நின்றது. திருச்செந்தூர் முருகா என்று மனசுக்குள் அலறினேன். அடுத்த இழுப்பில் காற்று வந்தது. எங்கிருந்தோ ஒருவர் "உள்ள போயாச்சு" என்றார். அதற்குப் பிறகு ஒன்றும் ஞாபகமில்லை.

கண் விழித்தபோது ஐ.சி.யூ. மூக்கில் குழாய், கழுத்தில் பெரிய கட்டு. கட்டுக்குள்ளிருந்து மிச்சச் சீழ் வடிவதற்கு ரப்பர் பட்டை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. தொண்டையில் ஓட்டை போடவில்லை என்பதைத் தடவித் தெரிந்துகொண்டேன். பல்லையும் அப்போதே பிடுங்கிவிட்டார்கள். ஒரு நர்ஸ் அதைச் சின்ன டப்பியில் போட்டுக் காட்டினார். இவ்வளவு ஆட்டம் காட்டியது இந்தப் பொடிப் பயல்தானா என்று கோபமாக வந்தது.

வீக்கம் வற்றிய பிறகு மூக்குக் குழாயை எடுத்துவிட்டு வார்டுக்கு மாற்றினார்கள். வார்டு நாட்கள் என்றால் ஊசி, கட்டு மாற்றுவது, சர்க்கரைக்கு விரலில் குத்துவது, அவ்வளவுதான். கட்டுப் பிரிக்கும்போது வருகிற நாற்றம் எனக்கே சகிக்காது. மதி முகத்தைச் சுளிக்காமல் பக்கத்தில் நின்று காலேஜ் கதை சொல்வாள். தலையைத் திருப்ப முடியாததால் என் வீட்டுக்காரர் எனக்குத் தலை வாரிவிட்டார். அவர் போட்ட பின்னல் லாரிக் கயிறு கட்டிய மாதிரி இருந்தது. ஆனாலும் ஒரு முடி வலிக்காமல் வாரினார். சாப்பாடு எல்லாம் ஸ்பூனில் கூழாகத்தான். அவர் வீட்டிலிருந்து மிக்சியைத் தூக்கிக்கொண்டு வந்து, ஆஸ்பத்திரிக்கு எதிர் டீக்கடையில் கேட்டுப் பிளக்கில் மாட்டி, இட்லியையும் சாம்பாரையும் அடித்துக் கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமை சாளை மீன் குழம்பையும் சோற்றையும் முள்ளெடுத்துச் சேர்த்து அடித்துவிட்டார். பார்க்கச் சிமெண்டுக் கலவை மாதிரி இருந்தது. அழுதுகொண்டே ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

பில்லைப் பற்றிய பயம் அவரை விடவே இல்லை. தினம் கவுண்டருக்குப் போய் எவ்வளவு ஆயிருக்கு என்று கேட்பார். இ.எஸ்.ஐ. சீட்டில் வந்திருக்கிறார்கள், நீங்கள் கட்ட வேண்டியதில்லை என்று சொல்லி அனுப்புவார்கள். வந்து என்னிடம், "சும்மா சொல்லுதானுவ. கடைசி நாள் மொத்தமா கேப்பானுவ பாரு" என்பார். கடைசி நாளும் கேட்கவில்லை. வேலைக்குப் போகாத நாட்களுக்குச் சம்பளத்தில் பெரும்பங்கு நோய்ப் படியாக வரும் என்று வேறு சொன்னார்கள். அப்போதும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. வெளியே ஆட்டோ ஏறுகிறவரை யாராவது பின்னால் கூப்பிடுகிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அதற்குள் கம்பெனிப் பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். ஜெசிந்தாக்கா மட்டும் வரவில்லை. மதி போன் செய்தபோது, "மூச்சு நல்லா விடுதாளா?" என்று ஒரு கேள்வி கேட்டு, பதிலைக் கேட்டதும் வைத்துவிட்டாளாம். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை என்று சொன்னால் அது பொய். எச்சில் விழுங்கும்போதெல்லாம் கழுத்துத் தையல் இழுக்கும். இழுக்கும்போதெல்லாம் அந்தத் துணி முடிப்பு ஞாபகம் வரும். இவள் சும்மா இருந்திருந்தால் என்ன என்று தோன்றும். அடுத்த நிமிசமே அவள் மணிக்கட்டில் சூடு பார்த்தது ஞாபகம் வரும். வார்டில் இருந்தபோதே ஒரு நாள் கட்டு மாற்ற வந்த டாக்டரம்மாவிடம், திறக்கிற அளவு வாயைத் திறந்து கேட்டேன். அந்த ஒத்தடத்தால்தானா?

அவர் பழைய கட்டைத் தட்டில் போட்டார். "சூடு வச்சது தப்பு, பரவுறத வேகப்படுத்தியிருக்கும். ஆனா பல்ல மாசக்கணக்கா விட்டதும், சர்க்கரைய பாக்காம விட்டதும்தான் அடிப்படை. ஒத்தடம் இல்லாட்டியும் இது வந்திருக்கலாம்." பிறகு கையுறையைக் கழற்றிக்கொண்டே, "அன்னைக்கு அந்த அம்மாகிட்ட நான் கடுமையா பேசிட்டேன். அவங்க இன்னும் வரலையா?" என்றார்.

வேறொன்றையும் அவர்தான் சொன்னார். பல் பார்ப்பது, பிடுங்குவது, அடைப்பது, சுத்தம் செய்வது, பல்லுக்கு எக்ஸ்ரே எல்லாம் இ.எஸ்.ஐ.யில் உண்டு. எனக்கு மட்டுமல்ல, என் வீட்டுக்காரருக்கும் மதிக்கும்கூட உண்டு. புதுப் பல் கட்டுவது மட்டும் எல்லாருக்கும் கிடையாது, வேலையில் அடிபட்டுப் போன பல் என்றால் அதற்கு விதி வேறு. முதலில் டிஸ்பென்சரி, அங்கே எழுதிக் கொடுத்தால் இங்கே. இத்தனை வருசம் நாங்கள் துட்டுக் கட்டியது பல்லுக்கும் சேர்த்துத்தான்.

வீட்டுக்கு வந்ததும் தாடைப் பயிற்சி ஆரம்பமானது. ஐஸ் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பல்லுக்கு இடையில் வைத்து வாயை அகட்ட வேண்டும். நாளுக்கு நாள் ஒரு குச்சி கூடச் செருகப் பார்க்க வேண்டும். பேச்சு திரும்பியதும் முதல் வேலையாக மதியைக் கூட்டிக்கொண்டு ஜெசிந்தாக்கா வீட்டுக்குப் போனேன்.

வாசலிலேயே நின்றாள். என் கழுத்தை மட்டும் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. கம்பெனியில் வேலையை விட்டு நின்றுகொள்வதாகச் சொல்லிவிட்டாளாம். மணப்பாட்டில் தம்பி வீட்டோடு போய் இருக்கப் போகிறாளாம்.

"எக்கா, உனக்கு என்ன கிறுக்கு பிடிச்சிருக்கா? நான்தான் உசிரோட நிக்கேன்லா?"

"எங்கையால இனி யாருக்கும் ஒண்ணும் வேண்டாம்ளா. அந்த ஷெட்டுக்குள்ள வந்தா அந்த அடுப்பப் பாக்கணும். என்னால முடியாது. ஒன்ன கொல்லப் பாத்துட்டேன் நான்."

"கொல்லப் பாத்தியா? மடியில சாச்சி வச்சிக்கிட்டு கொல்லுவாளுவளா யாரும்?"

அவள் அழுதாள். அழும்போது இடது பக்க வாயை அசைக்காமல் அழுதாள். முன்பு என்றால் எனக்குக் கண்ணில் பட்டிருக்காது. இப்போது தாடை என்றால் எனக்கு டாக்டர் கண். பக்கத்தில் போனதும் கிராம்பு வாடை அடித்தது.

"வாயத் தொறக்கா."

"ஒண்ணுமில்ல, போளா."

"தொறக்கச் சொல்லுதேன்லா!" ஆஸ்பத்திரிக்கு முந்தைய குரல் அப்படியே வந்துவிட்டது. பக்கத்து வீட்டு வாசலில் ஆள் எட்டிப் பார்த்தது.

அவள் திறக்கவில்லை. முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு நின்றாள். நான் நகரவில்லை. வேலையை விட்டால் கார்டும் போய்விடும், முதலில் அந்தப் பல்லைக் காட்டு, அப்புறம் எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போ என்று சத்தம் போட்டேன். கடைசியில் அவள் சின்னக் குரலில் கேட்டாள்.

"நீ கூட வாரியா?"

டிஸ்பென்சரியில் அந்த வயதான டாக்டர் மறுபேச்சில்லாமல் சீட்டு எழுதிக் கொடுத்தார். என்னைப் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருந்த நாளிலேயே இரண்டு பேரும் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினோம். டாக்டரம்மாவைக் கண்டதும் அவள் என் முதுகுக்குப் பின்னால் போய்விட்டாள். தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டுபோய் நாற்காலியில் உட்கார வைத்தேன்.

டாக்டரம்மா விளக்கைத் திருப்பி வாய்க்குள் பார்த்தார். பக்கத்துக்கு ஒன்றும் இரண்டுமாகக் கடைவாய்ப் பற்கள் உடைந்து வேர் மட்டும் நின்றன. ஒரு ஈறு பொங்கியிருந்தது.

"இது எவ்வளவு வருசமாம்மா இருக்கு?"

"எம் மூத்தவன் கைப்பிள்ளையா இருக்கையில தொடங்குச்சி." அவளுடைய மூத்தவன் இப்போது படகுக்குப் போகிறான்.

"இத்தன வருசமா வலிக்கலையா? வலிச்சா என்ன பண்ணுவீங்க?"

ஜெசிந்தாக்கா மடியில் இருந்த தன் கைகளைப் பார்த்தாள்.

"உப்பு ஒத்தடந்தான் டாக்டரம்மா. ராத்திரி எல்லாரும் படுத்த பொறவு நானே வறுத்து நானே வச்சிக்கிடுவேன். வேற என்ன தெரியும் எனக்கு?"

அடுத்த மிஷினில் நின்றுகொண்டு இத்தனை வருசமாக என் வாய் ஓயாமல் பேசியிருக்கிறது, அவள் வாயில் என்ன இருக்கிறது என்று ஒரு நாள் கேட்டதில்லை. எனக்கு அவள் கொடுத்தது தனக்கென்று வைத்திருந்த ஒரே மருந்து. தன் வலிக்கு யாரும் செய்யாததை என் வலிக்குச் செய்திருக்கிறாள்.

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். "அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதும்மா" என்றார்.

"அத விடுங்க. புடுங்குனா வலிக்குமா?"

"ஊசி போடுறப்ப சுருக்குன்னு இருக்கும். அப்புறம் தெரியாது. எல்லாத்தையும் ஒரே நாள்ல வேண்டாம், ஒவ்வொண்ணா பாப்போம். வந்துருவீங்கள்ல?"

அவள் என்னைப் பார்த்தாள். வருவாள் டாக்டரம்மா, நான் கூட்டிட்டு வாரேன், மணப்பாட்டுக்கு ஒண்ணும் போகல என்று நானே பதில் சொன்னேன். அவள் மறுக்கவில்லை. என் கையை எட்டிப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடி, வாயை நன்றாகத் திறந்தாள்.